சார்ந்து நிற்போரும் தாங்கி நிற்போரும்

பிறிதொன்றின் உதவியை நாடாது, தன்னிலேயே பூரணமாய் விளங்கும் பொருள் இவ்வுலகில் உண்டோ என்னும் வினாவை நம் தத்துவ ஞானிகள் வெவ்வேறு திசைகளிலிருந்து அணுகியிருக்கின்றனர். மணிமேகலைக்கு அறவண அடிகள் உபதேசித்த பௌத்த தருமம், பேதைமை முதலாகப் பன்னிரண்டு நிதானங்களை ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடுத்துக் காட்டி, சார்பின்றித் தோன்றுவது எதுவுமில்லை என்று நிலைநாட்டியது. சைவ சித்தாந்தமோ, ஆன்மா தான் சார்ந்ததன் இயல்பையே பெறும் என்று கொண்டு, மலத்தோடு கூடிய உயிர் மலத்தின் தன்மையையும் சிவத்தோடு கூடிய உயிர் சிவத்தின் தன்மையையும் எய்தும் என விளக்கியது. இவ்விரு தரிசனங்களும் பெரிதும் மாறுபட்டவையாயினும், சார்பை ஆராயுமிடத்துச் சார்கின்றவனுடைய நிலையையே பிரதானமாகக் கொண்டன. பிறர் ஊன்றி நிற்கும்படி ஒன்றைக் கொடுத்தவனுடைய கடமை யாது, அதை அவன் விரும்பியபோது மீட்டுக்கொள்ளலாமா என்னும் கேள்வி அவ்விடத்தில் முதன்மை பெறவில்லை.

அக்கேள்வி நம் காலத்தில் கணினித் துறையில் எழுந்தது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதுவோர் தம் ஆக்கங்களைப் பகிர்ந்துகொள்ளும் என்பிஎம் என்னும் பொதுக் களஞ்சியத்திலிருந்து, ஒரு பெயரின் உரிமை பற்றிய பிணக்கினால் மனம் கசந்த நிரலாளர் ஒருவர், 2016 மார்ச்சில் தாம் எழுதிய அனைத்தையும் நீக்கிவிட்டார். அவற்றுள் ஒன்று 'லெஃப்ட்-பேட்' என்னும் 11 வரி நிரல்; ஒரு சொல்லின் இடப்புறத்தை நிரப்பி, அதை வேண்டிய நீளத்திற்குக் கொண்டுவருவதொன்றே அதன் வேலை. அதை நேரே எடுத்தாண்டவர்களைப் பிறரும், அப்பிறரை வேறு பலரும் சார்ந்திருந்தமையால், அப்பெயரையே கேள்வியுறாத எண்ணற்றோருடைய மென்பொருள்கள் கட்டமைக்க இயலாது நின்றுபோயின. களஞ்சியத்தார் சில மணி நேரத்தில் அதை மீண்டும் வைத்து, வெளியிட்டதை விலக்கிக்கொள்ளும் உரிமைக்குப் பின்னர் வரம்பும் கட்டினர். ஆயினும் தருமசங்கடம் தீரவில்லை. விலை பெறாமலும் வாக்குறுதி எதுவும் தராமலும் கொடுத்தவர், தம் பொருளைத் தாமே எடுத்துக்கொண்டதில் அதர்மம் எங்கே இருக்கிறது?

இதற்கு விடை தேடுவோருக்குப் பினாங்கின் சூலியா தெரு நல்லதோர் உதாரணத்தை வைத்திருக்கிறது. தமிழகக் கரையிலிருந்து கடல் கடந்து வந்த முஸ்லிம் வணிகர்களின் பெயரைத் தாங்கிய அத்தெருவின் அருகில், கப்பித்தான் கிளிங் எனப்பட்ட காதர் மொகிதீன், 1801ஆம் ஆண்டையொட்டி, கிழக்கிந்தியக் கம்பெனி வழங்கிய நிலத்தில் பள்ளிவாசலை நிறுவினார். அந்நிலம் வக்பு ஆயிற்று. வக்பு என்னும் ஏற்பாட்டில் முதல் அசையாது நிற்க, அதன் பயன் மட்டுமே மக்களைச் சென்றடைகிறது; அதன்பின் அதை விற்கவோ, வாரிசுகள் பங்கிட்டுக்கொள்ளவோ இடமில்லை. இந்தத் தீர்மானமும் வாதமின்றிப் பிறந்ததன்று. பள்ளிவாசலல்லாத பிற அறக்கொடைகளில் கொடுத்தவருடைய உடைமை பொதுவாக நீங்குவதில்லை, ஆதலின் அவர் மீட்கலாம் என்பது இமாம் அபூஹனீபாவின் கருத்து. கொடை மனிதர் உடைமையினின்று நீங்கி இறைவனுக்குரியதாகிவிட்டபடியால் திரும்பாது என்பது அவருடைய மாணாக்கர்களான அபூயூசுப், முகம்மது ஆகியோரின் கருத்து. ஹனபி மரபில் வழக்காய் நிலைத்தது மாணாக்கர்களின் கொள்கையே. ஒரு கிணற்றை நம்பி நாலு குடும்பங்கள் வீடு கட்டிக்கொண்டபின், கிணறு வெட்டியவனுக்கும் அதைத் தூர்க்கும் உரிமை இல்லை என்னும் நியாயத்தையே நான் அதில் காண்கிறேன்.

ஆனால் கொடை திரும்பாது என்று விதித்துவிட்டதோடு காரியம் முடிவதில்லை. பரிபாலிக்க வேண்டியவர்கள் அயர்ந்தால் முதலே பாழாகும். பினாங்கில் அறச்சொத்துகள் அவ்வாறு சீர்குலைந்தமையால், 1905இல் முகம்மதிய, இந்து அறக்கட்டளைகளுக்கெனச் சட்டம் இயற்றப்பட்டு, அப்பள்ளிவாசலின் சொத்துகளும் ஒரு வாரியத்தின் பொறுப்பில் வந்தன. மென்பொருள் உலகமும் இந்தப் பாடத்தைத் தாமதமாகவே கற்றது. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' கருவியைத் தனியொருவராய்ப் பேணிக் களைத்திருந்தவருக்கு ஆண்டுக்கணக்கில் உதவி செய்து நம்பிக்கை பெற்ற ஒருவர், அதனுள் இரகசிய வழி ஒன்றை அமைத்துவிட்டது 2024 மார்ச்சில் வெளிப்பட்டது. திரும்பப் பெறாத கொடையும், காப்பவர் இல்லையெனில், அபாயமாக முடியும்.

கோ என்னும் நிரல்மொழியின் கருவிகள் 2018இல் வந்த 1.11ஆம் பதிப்பிலிருந்து மேற்கொண்டுள்ள தொகுதி முறையை இந்நோக்கோடு பார்த்தால், அது தொழில்நுட்ப ஏற்பாடாக மட்டும் தோன்றவில்லை. 'கோ.மாட்' என்னும் கோப்பு, இந்த நிரல் எவ்வெவற்றைச் சார்ந்து நிற்கிறது என்பதை வரிக்கு ஒரு பெயராகவும், பெயருக்கு ஒரு பதிப்பாகவும் அறிவிக்கிறது. நேரே அழைக்கப்படாது பிறர் வழியாக வந்தவற்றின் எதிரே 'இன்டைரக்ட்' என்ற குறிப்பும் இடப்படுகிறது. சார்ந்த தொகுதிகளுள் ஒன்று ஒரு நூலகத்தின் 1.2ஆம் பதிப்பையாவது வேண்டும் என்று கேட்க, மற்றொன்று 1.4ஐயாவது வேண்டும் என்று கேட்க, 1.7ஆம் பதிப்பு வெளிவந்திருந்தாலும் கருவி 1.4ஐயே தேர்கிறது, புதியது என்பதற்காக மட்டும் எதையும் அது அவாவுவதில்லை. வந்து சேர்ந்த பொருள் முன்பு கண்ட அதே பொருள்தானா என்பதை 'கோ.சம்' கோப்பிலுள்ள கைரேகை போன்ற குறியீட்டைக் கொண்டு சோதிக்கிறது. பொதுவில் ஒருமுறை வெளியான தொகுதியின் பிரதியை இடைநிலைச் சேவையகம் சேமித்து வைப்பதால், எழுதியவர் மூலத்தை அழித்தாலும் சார்ந்தவர் பெரும்பாலும் தவிப்பதில்லை. 2021இல் வந்த 1.16ஆம் பதிப்பு 'ரிட்ராக்ட்' என்னும் ஏற்பாட்டையும் சேர்த்தது: தாம் வெளியிட்ட பதிப்பில் பிழை கண்டவர், அது தகாதது என அறிவிக்கலாம், அதனால் அப்பதிப்பு மறைவதில்லை. கொடை திரும்பாது, ஆயினும் கொடுத்தவருடைய மனச்சாட்சிக்கு வாய் உண்டு என்னும் இந்நிலை, ஆசிரியருக்கும் மாணாக்கர்க்கும் இடையே எழுந்த அப்பழைய வாதத்தில் இரு பக்கத்துக்கும் நியாயம் செய்வதாகவே எனக்குப் படுகிறது.

பிரதி எடுத்து வைத்துக்கொள்வது மூலத்தை மறுப்பதாகாது. சூலியா தெருவில் அஞ்சடி எனப்படும் கடையோர நடைபாதை வழியே நடப்பவர் காணும் நாகூர் தர்கா, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறைநேசர் ஷாகுல் ஹமீது வலியுல்லாவின் நினைவாக எழுந்தது. அவர் அடங்கியிருப்பதோ தமிழகத்து நாகூரில். கடலுக்கு இப்பால் வாழ்ந்தவர்கள் தங்கள் பக்திக்கு ஓர் இருப்பிடம் தேடியபோது, புதிதொரு பெயர் சூட்டாமல், எதைச் சார்ந்தார்களோ அதன் பெயரையே வாயிலில் பொறித்தனர்.

ஆகவே, சார்பை அறவே ஒழிப்பதால் சுதந்திரம் கிட்டுமென்று எண்ணுவது மயக்கம்; எல்லா நிரலையும் தானே எழுத முனைகிறவன், அதனை எழுதும் மொழிக்கும் ஓடும் இயந்திரத்துக்கும் கடன்பட்டவனாகவே இருப்பான். நமக்குக் கூடியது, யாரைச் சார்ந்திருக்கிறோம் என்பதை மறைக்காது எழுதி வைத்து, அவர்களால் தாங்க இயலாத சுமையில் ஒரு பங்கை, பொருளாகவோ உழைப்பாகவோ, நாமும் ஏற்பதே. விலையின்றிக் கொடுத்தவர்மேல் திரும்பாக் கொடையின் தருமத்தைச் சுமத்தும் உரிமை, அக்கொடையைப் பரிபாலிக்கும் பொறுப்பைத் தானும் ஏற்றவனுக்கே உண்டு.