குடிநோய் நீக்கமும் சார்பு நெறியும்

சென்னையின் வடபால், தியாகேசப் பெருமான் எழுந்தருளிய திருவொற்றியூரைச் சார்ந்து, மேற்கிந்தியத் தீப்பெட்டிக் கும்பெனியின் பெயரால் வழங்குவது விம்கோ நகர். ஆலைத் தொழிலாலும் துறைமுகத் தொழிலாலும் மீன்பிடித் தொழிலாலும் உயிர்வாழ்வார் மிக்க அவ்வட்டாரத்தில், கூலி பெற்ற நாளிலேயே அதனை மதுக்கடையில் இழந்து மனைமக்களை வாடவிடுவாரும் உளர். அன்னாருடைய குடும்பத்தார் திருக்கோயிலிலும் திருமடத்திலும் வந்து முறையிடுங்கால் நாம் கூறும் விடை யாது? "அஃது அவன் வினை" என்பார் ஒருசாரார். "அவன் மனவுறுதி அற்றவன்" என்பார் மற்றொருசாரார். இவ்விடைகள் சித்தாந்தத்திற்கு ஒத்தனவா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

வினை என்று விடுத்தல் பொருந்தாது. பிராரத்தம் நுகர்ந்து கழிவதேனும், இன்று செய்யப்படுவது ஆகாமியமாய் ஏறுவதாம். வினைப்பயன் ஆதலின் உதவலாகாது எனின், மருத்துவன் மருந்து தருதலும் ஈவோன் சோறிடுதலும் குற்றமாய் முடியும். அங்ஙனம் கொள்வார் யாருமிலர்.

இனி, மனவுறுதி இன்மையே காரணம் என்பதனை நோக்குவாம். மாலையணிந்து 41 நாள் ஒரு துளியும் தீண்டாதிருந்தவன், மாலை கழற்றிய மறுநாளே மதுக்கடை வாயிலில் நிற்றலைப் பலரும் கண்டிருப்பர். உறுதி இல்லாதவனாயின் 41 நாள் எங்ஙனம் கழிந்தன? உறுதி உடையவனாயின் மறுநாள் அஃது எங்குச் சென்றது? நோன்பு நாட்களில் குருசாமியும் உடன் நோற்பாரும் காலைமாலை வழிபாடும் அவனைச் சூழ்ந்திருந்தன. கழற்றிய பின்னர்ப் பழைய கூட்டமே சூழ்ந்தது. பளிங்கு தான் சார்ந்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறு போல, உயிரும் சார்ந்ததன் வண்ணமாதல் நம் நூல்கள் துணிந்ததாகலின், மாறியது உறுதியன்று, சார்பே என்க.

இதன்கண் வேறொரு நுட்பமும் உண்டு. இருள் பிற பொருள்களை மறைப்பினும் தன்னையேனும் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது. குடிநோயும் அத்தகைத்து. "யான் நினைத்தால் நாளையே விடுவேன்" என்பதே அந்நோயாளன் வாயில் நீங்காத சொல். தன் வலியை நம்புந்தோறும் அவன் வீழ்கின்றான். ஆதலின் "மனத்தைத் திடப்படுத்து" என நாம் அறிவுறுத்துங்கால், அவனை வீழ்த்திய முனைப்பையே மேலும் வளர்த்தவராகின்றோம்.

1935 இல் அமெரிக்க நாட்டு அக்ரன் நகரில், குடிநோயுற்ற வணிகத்துறையாளர் ஒருவரும் மருத்துவர் ஒருவரும் கூடித் தொடங்கியது "ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்" என்னும் குழு. அது நம் நாட்டில் 1957 இல் வேரூன்றியது. சென்னையிலும் தமிழில் கூட்டங்கள் நிகழ்கின்றன. குடியை விடவேண்டும் என்னும் விருப்பமே அதன்கண் சேர்தற்குரிய தகுதி, கட்டணம் இல்லை, குலமும் சமயமும் வினவப்படா. முழுப்பெயர் கூறாமலே ஒவ்வொருவரும் தம் வரலாற்றை உரைப்பர், ஏனையோர் இடைமறியாது கேட்பர். வாழ்நாள் முழுமைக்கும் ஆணையிடாது, இன்றொரு நாள் குடியேன் என்பதே அவர்தம் நோன்பு. அவர் கொண்ட படிகள் பன்னிரண்டனுள் முதலாவது, மதுவின்முன் தம் வலி செல்லாது என ஒப்புதல். அடுத்தவை, தம்மின் மேலாய ஆற்றலிடம் தம்மை ஒப்புவித்தல். பின்னர்த் தம் குற்றங்களை ஆராய்ந்து பிறர்க்கு உரைத்தலும், தீங்கு செய்யப்பட்டார்க்கு ஈடு செய்தலும், இறுதியில் பிற நோயாளர்க்கு உதவுதலும் ஆம். சிவஞானபோதச் சூத்திரமும் பன்னிரண்டே எனினும், எண் ஒத்தமை பற்றிப் பொருளும் ஒத்தது எனல் வேண்டா.

அற்றேல், குடித்தோர் கூடிய கூட்டம் அடியார் கூட்டம் ஆகுமோ எனின், ஆகாது. குடியை விடுதல் வீடுபேறும் அன்று. அவரவர் கருதியவாறு கொள்ளும் மேலாற்றல் பதிஞானமும் அன்று. ஆயினும், நோய் தீர்ந்த உடலிலன்றிச் சரியை முதலிய நெறிகள் தொடங்குதல் அரிது. தீய சார்பை மற்றொரு சார்பே நீக்கும் என்னும் உண்மையை அக்கூட்டம் நடைமுறையில் நிறுவுகின்றது. 2020 இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுரை, 10,565 பேரைப் பற்றிய 27 ஆய்வுகளை ஒருங்குவைத்து நோக்கி, இக்குழுவின்பால் முறையாக ஆற்றுப்படுத்தப்பெற்றோர் குடியை முற்றும் ஒழித்து நிற்றலில் ஏனைய சில சிகிச்சை பெற்றோரினும் மேம்பட்டமை கூறுகின்றது. இது பிறநாட்டு நெறி எனத் தள்ளுதலும் அறிவுடைமையன்று. மருந்து எந்நாட்டில் விளைந்தது என்று நோயாளன் வினவுவதில்லை.

ஒருமுறை விட்டவன் மீண்டும் வீழ்ந்தால் "இவன் திருந்தான்" எனக் கைவிடுதல் உலகியல். ஒற்றியூரின் வரலாறே அதற்கு மாறாகும். சங்கிலியார்க்கு மகிழின்கீழ்ச் செய்த சூளுறவைக் கடந்த நம்பிகள் கண்ணொளி இழந்தனர். வெண்பாக்கத்தில் முதற்கண் கிடைத்தது ஊன்றுகோலே. காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண். வன்றொண்டரை எளியாரொடு ஒப்பிடுதல் நம் கருத்தன்று. சூள் பிழைத்த பின்னரும் அருள் படிமுறையால் வந்தமையே ஈண்டுக் கொள்ளற்பாலது. வீழ்ந்தானுக்கு இன்று வேண்டுவது ஊன்றுகோல். கண் பின்னர் வரும்.

ஒன்று கருதுக: நெடுநாள் மிகக் குடித்தவன் திடீரென நிறுத்தின், நடுக்கமும் வலிப்பும் அறிவுமயக்கமும் தோன்றி உயிர்க்கும் ஊறு நேரும். ஆதலின் முதற்கண் அரசு மருத்துவமனையை நாடச் செய்து, பின்னரே கூட்டத்திற்கு ஆற்றுப்படுத்துக. மனைவியர்க்கும் ஏனைய உறவினர்க்கும் "அல்-அனான்" என வேறு குழுவும் உண்டு.

வடசென்னையிலும் பிறவிடத்தும் உள்ள திருமடத்தார்க்கும் சபையார்க்கும் யாம் விண்ணப்பிப்பது ஒன்றே. வாரத்தில் ஒரு மாலை, ஒன்றரை நாழிகைக்குக் குறையாமல் ஓர் அறையைத் திறந்துவிடுக. வெளியார் பொருளுதவியை ஏலாமை அக்குழுவின் மரபாகலின், அவர் சிறு வாடகை தருவராயின் மறாது பெறுக. உள்ளே சென்று உபதேசம் செய்யற்க. வருவார் இன்னார் எனப் பிறர்க்கு உரையற்க. சாலையை நோக்கிய கதவு திறந்திருத்தலும், குடிப்பதற்குத் தண்ணீர் ஒரு குடம் வைத்தலும் போதும்.