ஏட்டில் சேராத ஒருவர்



வயிற்றுக்கடுப்பால் தன் மலஜலத்திலேயே வீழ்ந்து கிடந்த ஒரு பிக்குவைப் பகவர் கண்டார் என்று விநயம் கூறும். உம்மைப் பேணுவோர் ஏன் இல்லை என்று பகவர் வினவினார். தம்மால் சங்கத்தாருக்கு யாதொரு பயனும் இல்லாமையால் எவரும் தம்மைப் பேணவில்லை என்றார் அவர். பகவர் ஆனந்தரை நீர் கொணரச் செய்தார். தாம் நீர் வார்க்க, ஆனந்தர் கழுவினார். இருவருமாய்த் தூக்கி அவரைப் படுக்கையில் கிடத்தினர். அதன் பின்னரே பகவர் சங்கத்தைக் கூட்டி அறிவுரை பகர்ந்தார்.

மிகப் பலருக்கு மிகுந்த நன்மை தருவதே அறம் என்னும் கொள்கையை ஆங்கில நாட்டுப் பெந்தாம், மில் முதலிய அறிஞர் வகுத்தனர். அஃது இழிந்த கொள்கை அன்று. அரசனின் இன்பமும் கூலியாளின் இன்பமும் ஒரே நிறை என்னும் அக்கணக்கு, பிறப்பினால் நிறையை ஏற்றி இறக்கும் மனுநூலினும் பன்மடங்கு மேலானது. பகவரும் தம் முதற் சீடர் அறுபதின்மரைப் பலருடைய நலத்தின் பொருட்டே நாற்றிசையும் போக்கினார். எனினும், கணக்கெழுதுவோன் ஒருவரை ஏட்டில் சேர்க்காது விடுவானாயின், கூட்டல் சரியாயினும் விடை பொய்யே. அன்று சங்கத்தார் எழுதிய கணக்கு அத்தகையது.

மனிதரின் மரபணுவைத் திருத்தும் புதிய மருத்துவத்தையும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

சிக்கிள் செல் எனப்படும் அரிவாளணுச் சோகை பெற்றோர்வழி வருவது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிறழ்வதால் வட்டமான இரத்த அணுக்கள் அரிவாள்போல் வளைந்து, நுண்ணிய நாளங்களை அடைத்துப் பெருநோவு தருகின்றன. இந்திய நாட்டில் இது முதன்முதலாக 1952-இல் நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையே அறியப்பட்டது. மகாராஷ்டிரத்தில் பழங்குடியினரிடையே மட்டுமன்று, 1956-இல் நாகபுரியில் பாபாசாகேப்புடன் சரணம் புகுந்த மக்களின் விதர்ப்ப நாட்டுக் குடும்பங்களிலும் காணப்படுகிறது. ஆகவே இது பிறர் வீட்டுச் செய்தியன்று.

நோயாளியின் மூல அணுக்களை வெளியே எடுத்து, மரபணுவைத் திருத்தி, மீண்டும் அவருக்கே செலுத்தும் சிகிச்சையை 2023-இல் இங்கிலாந்தும் அமெரிக்காவும் அங்கீகரித்தன. அமெரிக்காவில் அதன் விலை ஒருவருக்கு 22 லட்சம் டாலர்! 2025 நவம்பரில், தில்லியின் ஐ.ஜி.ஐ.பி. ஆய்வுக்கூடம் 'பிர்சா 101' என்னும் நம் நாட்டுச் சிகிச்சையை அறிவித்தது. அதன் நுட்பம் நமது புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. பழங்குடி வீரர் பிர்சா முண்டாவின் பெயரைச் சூட்டினால் மட்டும் போதாது. பழங்குடி மகளின் கைக்கு அஃது எட்டவேண்டும். சோதனை காட்டு மக்களின் உடலிலும், பயன் செல்வரின் இல்லத்திலும் என்றாகுமாயின், அதுவும் ஏட்டில் ஒருவரை விட்ட கணக்கே. அம்மருந்து எட்டும்வரை, நோவைத் தணிக்கும் ஹைட்ராக்ஸியூரியா என்னும் மலிவான மாத்திரை சிற்றூர் மருத்துவமனைதோறும் தடையின்றிக் கிடைக்கச் செய்வதே பலருக்கு உடனடிப் பயன்.

இனி, கருவிலேயே மரபணுவை மாற்றுவது வேறு. நூற்பாலையில் உழைத்த நமக்கு இவ்வேற்றுமை நன்கு விளங்கும். அறுந்த இழையை முடிந்தால் அந்த ஒரு கதிர் மீண்டும் ஓடும். பஞ்சுக் கலப்பையே மாற்றினாலோ, பின்வரும் நூல் அனைத்தும் மாறும். 2018-இல் சீன நாட்டு ஹெ ஜியான்குய் என்பார், நோயற்ற கருக்களின் மரபணுவை மாற்றி இரட்டைப் பெண் மக்களைப் பிறப்பித்தார். 2019-இல் சிறைத்தண்டனை பெற்றார். அம்மக்களை எவர் இசைவு கேட்டார்? பிறவாதோர் சார்பில் ஏட்டில் ஒப்பமிட எவருமிலர். அன்றியும், இந்த அரிவாளணுக் கூறு பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் வருமாயின் கடும் மலேரியாவிலிருந்து காக்கின்றது. குறை என நாம் இகழ்வதும் ஒரு காரணம் பற்றியே நிற்கின்றது. சார்புணர்ந்தோர் அதனை அவசரப்பட்டு வேரறுக்கத் துணியார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிகளும் கருவழி மாற்றத்தை விலக்கியுள்ளன. உயர்ந்த பிறப்பு, தாழ்ந்த பிறப்பு என்னும் பழைய நஞ்சு ஆய்வுக்கூடத்தின் வழியாக மீண்டும் நுழைய நாம் இடங்கொடோம்.

அந்நஞ்சு நம் மனத்திலும் நுழையலாகாது. அரசாங்கம் 2023-இல் தொடங்கிய இயக்கம், ஏழு கோடி மக்களைச் சோதித்து நிலைகாட்டும் அட்டை வழங்க முற்பட்டுள்ளது. ஜாதகத்தை எரித்த நாம், இவ்வட்டையைப் புதிய ஜாதகம் ஆக்கலாமா? கூறுடைய இருவர் மணந்தால், ஒவ்வொரு மகவுக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஒருவரிடம் மட்டும் கூறிருப்பின் மகவுக்கு இந்நோய் வாராது. மணமகளை மட்டும் சோதித்துப் பழிதூற்றுவது அறியாமை; மறைத்து மணமுடிப்பது பொய்மை. அறிந்து, இருபாலாரும் கலந்து முடிவு செய்க.

1954 டிசம்பர் 25-இல் பாபாசாகேப் புத்தர் உருவை நிறுவிய தேஹு ரோடு விகாரைக்குச் செல்வோரே! பௌர்ணமிதோறும் மலர் இடுகிறோம். அடுத்த பௌர்ணமிக்குள் ஒவ்வொரு சங்கமும், விதர்ப்பத்து உறவினரும் மலைநாட்டு உறவினரும் உள்ள வீடுகளை அறிந்து, அவர்களை அரசு மருத்துவமனையின் இரத்தச் சோதனைக்கு அழைத்துச் செல்வதாக. நோயுற்றவர் எவரேனும் இருப்பின், அவரால் சங்கத்துக்கு என்ன பயன் என்று வினவாது, நீர்க்குடத்தை எடுப்போமாக.

நமோ புத்தாய.