மதிப்பெண்ணும் மெய்ப்பாடும்: நாள்தோறும் ஒரு படம் காண்பது குறித்து

கலைப்படைப்பு ஒன்றை எண்ணால் அளத்தல் அறமாகுமா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. கொச்சியின் பள்ளுருத்தியில் வாழும் இக்கட்டுரையாளர் ஓராண்டுக் காலம் நாளுக்கு ஒரு திரைப்படம் கண்டு, பத்துக்கு இத்தனை என்று குறிப்பேட்டில் பதிந்து வந்தார். அவ்வாறு சேர்ந்த 365 எண்களே இவ்வினாவிற்குக் காரணம்.

திரைப்படத்திற்குத் தரக்குறி இடுதல் புதிய வழக்கமன்று. நியூயார்க் டெய்லி நியூஸ் நாளிதழ் 1928இலேயே விண்மீன் குறிகளை இட்டது. தமிழில் ஆனந்த விகடன் நூற்றுக்கு மதிப்பெண் வழங்கும் முறையை நெடுங்காலம் கைக்கொண்டது. ‘16 வயதினிலே’ (1977) 62.5 மதிப்பெண்ணும், ‘முள்ளும் மலரும்’ (1978) 61 மதிப்பெண்ணும் பெற்றமை பலரும் அறிந்ததே. ஆயின் எஞ்சிய 37.5 எதற்காக நிறுத்திவைக்கப்பட்டது? எவரும் கண்டிராத முழுமைப்படம் ஒன்று மதிப்பிடுவோர் மனத்தில் உள்ளது. அதனை அவர் திரையிட்டுக் காட்டுவதில்லை. காட்டப்படாத அளவுகோலைக் கொண்டு காட்டப்பட்ட படைப்பு அளக்கப்படுகிறது.

நம் மரபிலும் எண்ணிக்கை உண்டு. நன்னூல் நூலின் குற்றம் பத்து, அழகு பத்து என வகுக்கிறது. அவற்றைக் கூட்டிக் கழித்து ஒரு நூலுக்கு இத்தனை என்று விடை கூறுவதில்லை. இறையனார் அகப்பொருள் உரை கூறும் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. உரைகளுள் மெய்யுரை எது எனத் தெளியச் சங்கத்தார் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது மூங்கைச் சிறுவனை இருத்தினர். மருதன் இளநாகனார் உரைக்கு அவன் சிற்சில இடங்களில் மெய்சிலிர்த்தான். நக்கீரர் உரைக்குச் சொல்தோறும் கண்ணீர் வார்ந்தான். இதுவும் ஒருவகை அளவையே. கண்ணீரும் கூடிக் குறையும் என்பதை மறுக்க இயலாது. ஆனால் அளந்தவனின் உடம்பு அவையோர் அனைவர் முன்னும் இருந்தது. எண்ணோ அளந்தவனை மறைத்துவிடுகிறது.

குறிப்பேடு இதற்குச் சான்று. பாலுமகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்திற்கு ஆறாம் மாதத்தில் இடப்பட்ட எண் 6. அன்று விடைத்தாள் திருத்திக் களைத்து, அன்றைய கணக்கு விடுபடலாகாது என்னும் கடப்பாட்டினால் நள்ளிரவுக்குமேல் பார்த்த படம் அது. சில மாதம் கழித்துத் தாயாருடன் அதனை மீண்டும் காண நேர்ந்தது. சொக்கலிங்க பாகவதர் ஏற்ற முதியவர் பாத்திரம் முற்றுப்பெறாத வீட்டைத் தனியே சென்று பார்த்து, சுவரைத் தொட்டு மகிழும் காட்சியில் தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்பு, “இதுக்கு எத்தனை போட்ட?” என்று கேட்டார். விடை கூற இயலவில்லை. அந்த 6 படத்தின் மதிப்பா, பார்த்தவனின் உறக்கத்தின் மதிப்பா?

அழவைப்பதெல்லாம் சிறந்ததாகுமா என்று வினவலாம். ஆகாது, கண்ணீரை வலிந்து வருவிக்கும் படங்களும் அவ்வோராண்டில் நிரம்ப வந்துபோயின, அவற்றுள் சிலவற்றிற்கு 8 இட்டதும் உண்டு. மெய்ப்பாடு பிழைக்கக்கூடும். பிழைத்த மெய்ப்பாட்டை உடன் பார்த்தவர் கண்டு கேட்கலாம். எண்ணிடம் கேட்க ஒன்றுமில்லை.

இவ்வூரில் வாழ்ந்து 2020இல் மறைந்த இசையமைப்பாளர் எம்.கே. அர்ஜுனன் 1968இல் ‘கறுத்த பௌர்ணமி’ வழியே மலையாளத் திரையுலகில் நுழைந்தவர். திரையிசைக்கான கேரள மாநில விருது அவருக்கு முதன்முதலாகக் கிட்டியது 2017ஆம் ஆண்டின் ‘பயானகம்’ படத்திற்கே. இடைப்பட்ட ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் அவர் பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தோர் எவரும் தேர்வுக்குழுவிற்காகக் காத்திருக்கவில்லை.

இவ்வளவும் எழுதும் கட்டுரையாளரின் தொழிலே மதிப்பெண் இடுவதாகும் என்பது இங்கு உறுத்துகிறது. படத்திற்குக் குறைத்து இட்டால் மறுபடி பார்த்துத் திருத்தலாம். நள்ளிரவில் திருத்திய விடைத்தாளை மறுமுறை படிக்கும் வழக்கம் இல்லை, மாணவரின் மேற்படிப்போ அதனைப் பொறுத்தே அமைகிறது. குறிப்பேட்டில் இப்போது எண்களை அடித்துவிட்டு, பார்த்த நேரம், உடனிருந்தோர், உறக்கம் ஆகியன குறிக்கப்படுகின்றன. விடைத்தாளின் ஓரத்தில் அவ்வாறு குறிக்கக் கட்டம் ஏதும் இல்லை.