மழை நாளின் கூலி

கரிசல் மண்ணுக்கு மழை என்றால் மகிழ்ச்சி. ஆயினும் கோவில்பட்டி வட்டாரத்திலே கார்மேகம் கண்டு முகம் வாடும் வீடுகளும் உண்டு. கையால் தீப்பெட்டி செய்யும் தொழிலுக்கு வெயில் வேண்டும். இத்தொழில் இங்கே வேரூன்றியதற்கு வறண்ட வானிலையும் ஒரு காரணம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் மருந்து தோய்த்த குச்சிகள் எளிதில் உலர்வதில்லை. செய்த எண்ணிக்கைக்கே கூலி என்பதால், வேலை குறைந்தால் உலையில் இடும் அரிசியும் குறையும். மழை பெய்தது தொழிலாளியின் குற்றமா?

பெரிய நிறுவனங்களில் இன்று கணினியே சம்பளப் பட்டியலைக் கணக்கிடுகிறது. ஒரு கட்டத்தில் அடிப்படை ஊதியம். அடுத்ததில் உற்பத்திக்கேற்ப மாறும் ஊதியம். இப்பிரிவு தவறன்று. மிகுதியாக உழைப்பவர் மிகுதியாகப் பெறுவது நீதியே. ஆனால் முதற் கட்டம் மனிதர் உயிர்வாழ்வதற்கானது. அதைச் சுருக்கி இரண்டாவதைப் பெருக்கினால், தொழிலின் இடர் முழுவதும் அதைத் தாங்க வலிமையற்றவர் தலையிலே இறங்குகிறது.

திருத்தந்தை 13-ம் சிங்கராயர் 1891-ல் வெளியிட்ட சுற்றுமடலில், இரு தரப்பாரும் இசைந்து பேசிய கூலியாயினும், சிக்கனமாக வாழும் தொழிலாளியைத் தாங்கப் போதாதெனில் அது நீதியாகாது என்று போதித்தார். 1931-ல் 11-ம் பத்திநாதர், குடும்பத்தின் தேவையோடு தொழிலின் நிலைமையையும் கருதச் சொன்னார். எனவே சிறு முதலாளியின் இடர்ப்பாட்டையும் நாம் புறக்கணிக்கலாகாது. நமது நாட்டின் 1948-ம் ஆண்டு குறைந்தபட்சக் கூலிச் சட்டமும், எண்ணிக்கைக் கூலி பெறுவோர்க்கு நேரக் கணக்கில் ஓர் உறுதிக் கூலியை நிர்ணயிக்க இடமளித்தது. அதற்குப் பதிலாக வந்த 2019-ம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் இக்கொள்கையைக் கைவிடவில்லை.

திராட்சைத் தோட்ட உவமையை எண்ணுவோம். அது முதன்மையாக இறையருளைப் பற்றியது. கூலி விகிதம் வகுக்க வந்ததன்று. எனினும், கடைசி வேளையில் வந்தோர் சோம்பலால் நிற்கவில்லை, எவரும் அவர்களை அழைக்கவில்லை என்பதை ஆண்டவர் கவனித்துச் சொல்கிறார். அவர்களுக்கும் கிடைத்தது ஒரு தெனாரியம். அக்காலத்தில் ஒரு நாள் கூலி.

இதை எழுதுகையில் என் மனச்சான்றும் என்னை உறுத்துகிறது. எங்கள் பங்கின் உபதேசியாருக்கு நாங்கள் தரும் மாதப்பணம் சிறிது. திருமணமும் திருவிழாவும் வந்தால் அன்பளிப்பு கிடைக்கும். தவக்காலத்தில் கையிருப்பு வறண்டுவிடும். தீப்பெட்டி ஆபீசைப் பற்றி மறையுரையில் கேட்ட அதே கேள்வியை, பல ஆண்டுகளாக என் வீட்டு வாசலில் நான் கேட்கவில்லை. வரும் பங்குப் பேரவையில் அதுவே முதற்பொருள். அன்பர்களே, உங்கள் வீட்டிலும் கடையிலும் தோட்டத்திலும் உழைப்போரின் மழை நாளை நீங்களும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.