அழைப்பும் பிள்ளையின் இசைவும்

தான் உண்மையென நம்பும் ஒன்றுக்காகத் தன்னுயிரை இடருக்கு உள்ளாக்குபவனை உலகம் போற்றுகின்றது. அவனது நம்பிக்கையை ஏற்காதவரும் அவனது துணிவை மதிப்பர். ஆனால், அவன் தனித்துச் செல்லாது மனைவியையும் கைக்குழந்தைகளையும் உடன்கொண்டு செல்வானாயின், அம்மதிப்பு அப்படியே நிலைக்குமா? இவ்வினாவை வெறுங் கருத்துநிலையில் வைத்து ஆராய்வதிலும் மெய்யான ஒரு நிகழ்ச்சியின் வழியாக அணுகுதலே பயன்தரும் என எண்ணுகிறேன். கடல் கடந்த நாடுகளிற் சிறுவிமானம் ஓட்டும் கிறிஸ்தவ மிஷனரிக் குடும்பங்களின் வாழ்க்கை அதற்கு ஏற்றதொரு களமாகும். அவர்களது சமயத்தை நிறுவுவதோ மறுப்பதோ இக்கட்டுரையின் நோக்கமன்று.

இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பணியாற்றிய அமெரிக்க விமானிகள் சிலர் 1945 இல் ஓர் அமைப்பை உருவாக்கினர். பின்னாளில் அது மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப் எனப் பெயர்பெற்றது. 1946 இல் மெக்சிக்கோவில் அதன் முதற் பறப்பை மேற்கொண்டவர் பெற்றி கிறீன் என்னும் பெண்மணி. இவ்விமானிகளின் தொழில் பெரும்பாலும் பிரசங்கம் செய்வதன்று; சுமப்பது. மருத்துவரையும் மருந்தையும் நோயாளியையும் மொழிபெயர்ப்பாளரையும் அரிசி மூட்டையையும் அவர்கள் சுமக்கின்றனர். பல நாள் நடந்து கடக்கவேண்டிய காட்டைச் சில நிமிடங்களிற் கடப்பிக்கும் இப்பணியின் பயனை எவரும் மறுக்கவியலாது.

இப்பணிக்கு ஆயத்தமாகும் ஓர் இளங்குடும்பம் பல ஆண்டுகளைச் செலவிடுகின்றது. விமானமோட்டும் தகைமை மாத்திரம் போதாது. காட்டின் நடுவே பழுதுபார்ப்பார் வேறொருவர் இல்லையாகையால், இயந்திரம் திருத்துந் தகைமையும் வேண்டும். பின்னர் புதிய மொழியைக் கற்றல் வேண்டும். அவற்றினும் கடினமானது பணந் திரட்டல். பெரும்பாலான அமைப்புகள் சம்பளம் வழங்குவதில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஆலயம் ஆலயமாகச் சென்று, மாதந்தோறும் உதவ முன்வருவோரைத் தேடிக்கொள்ளவேண்டும். அதற்கென அவர்கள் ஓர் அட்டையை அச்சிட்டுக் கொடுப்பது வழக்கம். அதிலே தந்தை, தாய், இரண்டு மூன்று குழந்தைகள், சில வேளை பின்னணியில் ஒரு விமானம். பெற்றுக்கொண்டவர்கள் அதனைச் சமையலறையில் ஒட்டிவைத்துச் செபிக்கின்றனர். நமது வினா அவ்வட்டையிலேயே அடங்கியிருக்கின்றது. அதிலே சிரிக்கும் ஐவருள் முடிவெடுத்தவர் இருவர். ஏனைய மூவரும் அம்முடிவுக்குள் வளரவேண்டியவர்கள்.

இனி, இத்துறையில் மிகுதியும் பேசப்படும் நேற் செயின்ற் என்பவரின் வாழ்க்கைக்கு வருவோம். 1923 இற் பிறந்த அவர், போர்க்காலத்தில் அமெரிக்கப் படையின் விமானப் பிரிவில் இயந்திரத் தொழிலாளராயிருந்தார். காலெலும்பைப் பற்றிய பழைய நோய் மீண்டமையால் விமானியாகும் வாய்ப்பு அங்கே கிட்டவில்லை. 1948 இல் மார்ஜ் என்னுந் தாதியை மணந்து, அதே ஆண்டில் ஈக்குவடோர் நாட்டின் கீழ்க்காட்டு எல்லையிலுள்ள ஷெல் மேராவிற் குடியேறினார். எண்ணெய்க் கம்பனி கைவிட்டுச் சென்ற முகாம் அது. அவர் விமானத்தையும் மார்ஜ் வானொலித் தொடர்பையும் கவனித்தனர். அவர்களுக்கு மூன்று குழந்தைகள் பிறந்தனர். இடரைத் தேடி ஓடிய முரட்டு வீரர் அல்லர் செயின்ற். பறக்கும்போது எரிபொருட் குழாய் அடைபட்டால் இயந்திரம் நின்றுவிடுமே என்ற அச்சத்தினால், இரண்டாவதொரு எரிபொருள் வழியைத் தாமே அமைத்துப் பொருத்தினார். வட்டமிட்டுப் பறக்கும் விமானத்திலிருந்து நீண்ட கயிற்றை இறக்கினால், அதன் நுனியிலுள்ள வாளி ஓரிடத்தில் ஏறக்குறைய அசையாது நிற்கும் என்பதைக் கண்டு பயன்படுத்தியவரும் அவரே.

அவ்வாளியே 1955 ஒக்டோபரில் வௌரானி மக்களின் குடியிருப்பின்மேல் இறங்கியது. அயலவர் அம்மக்களை ‘அவுக்கா’ என்றனர். கெச்சுவா மொழியிற் காட்டுமிராண்டி என்னும் இழிபொருளுடைய சொல் அது. புறத்தாரைக் கொன்றது மாத்திரமன்றித் தமக்குள்ளேயே பழிக்குப்பழி வாங்கி அழிந்துகொண்டிருந்த மக்கள் அவர்கள். சில தலைமுறைகளில் நிகழ்ந்த இறப்புகளிற் பாதிக்கு மேற்பட்டவை கொலைகளே எனப் பிற்கால மானிடவியலாளர் தொகுத்த வமிசாவளிகள் காட்டுகின்றன. வாளியிற் பரிசுகள் இறங்கின. பதிலுக்கு இறகு முடியும் கிளியும் ஏறிவந்தன. 1956 சனவரி 3 ஆந் திகதி செயின்ற் தமது மஞ்சள் நிறப் பைப்பர் விமானத்தைக் குராரே ஆற்று மணற்றிடலில் இறக்கினார். 8 ஆந் திகதி பிற்பகல் அவரும் நண்பர் நால்வரும் ஈட்டிகளாற் கொல்லப்பட்டனர். துப்பாக்கிகள் அவர்களிடம் இருந்தன. எனினும் தம்மைக் காக்க வௌரானியரைக் கொல்வதில்லை என முன்னரே தீர்மானித்திருந்தனர். மாலை நான்கரை மணிக்கு வரவேண்டிய வானொலிச் செய்தி வரவில்லை. கைம்பெண்கள் ஐவர், தந்தையரை இழந்த குழந்தைகள் எண்மர், இன்னும் பிறவாதது ஒன்று.

துப்பாக்கியிருந்தும் பகைவனைக் கொல்லாது மடிதல் ஒழுக்கவியலின் உயர்ந்த நிலைகளுள் ஒன்று. ஆயினும், ஒழுக்கக் கணக்கை இந்த ஐவருடன் முடித்துவிடலாகாது. மனைவியர் விதவைகளாகக்கூடுமென்பதை எண்ணிப் பார்த்தே இசைந்திருந்தனர். அவர்கள் வயதுவந்தோர், அழைப்பைத் தமதாகவும் கொண்டவர்கள். எனவே அவர்களிடத்தில் நியாயம் குறைவுபடவில்லை எனக் கொள்ளலாம். குழந்தைகளின் நிலை அதுவன்று.

இங்கே ஒரு மறுப்பு எழும். எந்தப் பிள்ளைதான் பெற்றோரின் தொழிலுக்கு இசைவு தந்து பிறக்கின்றது? கடற்றொழிலாளியின் பிள்ளை கடலைத் தெரிந்தெடுக்கவில்லை. நாடு விட்டு நாடு பெயர்ந்தோரின் பிள்ளை தன் மொழியை இழக்கச் சம்மதிக்கவுமில்லை. இம்மறுப்பு வலிமையானதே. ஆனால் கடலுக்குப் போகின்றவன் பிள்ளையின் சோற்றுக்காகப் போகின்றான். இடர் வரின், அது பிள்ளையின் நலனை நாடிய வழியில் வந்த இடர். மிஷனரியின் பிள்ளையோ தான் அறியாத மூன்றாமவரின் நலனுக்காக இடரை ஏற்கின்றது. அதனையும் கடந்த ஒரு வேறுபாடு உண்டு. ‘நாம் யாவற்றையும் விட்டுவந்தோம்’ எனத் தியாகத்தின் மொழியிற் பேசும்போது, பெற்றோர் விட்டது தமதை மாத்திரமன்று. பாட்டியின் மடியும் பள்ளித் தோழரும் தந்தையின் உயிரும் பிள்ளையினுடையவை. பிறருடைய பொருளைக் கொடுத்துவிட்டுக் கொடையாளி எனப் பெயர்பெறல் தகுமா?

சமய மரபுகள் இவ்வினாவைக் கண்டு கூசியே வந்துள்ளன. மகனைப் பலியிட மலையேறிய ஆபிரகாமைப் பற்றி 1843 இல் நூலெழுதிய கீர்க்கேகாட், அவனை நம்பிக்கையின் வீரனாகக் காட்டுகின்றார். எனினும், அந்நூலின் தொடக்கத்தில் அக்கதையை நான்கு விதமாகச் சொல்லிப் பார்க்கும் அவர், இறுதி விதத்தில் ஈசாக்கை நோக்குகின்றார். தந்தையின் கை வேதனையால் இறுகியதை மகன் கண்டுவிடுகின்றான். உயிருடன் வீடு திரும்புகின்றான். ஆனால் நம்பிக்கையை இழந்துவிடுகின்றான். அதைப் பற்றி அவன் எவரிடமும் பேசவில்லை. நமது பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் கதையும் இங்கு நினைவுக்கு வருகின்றது. தந்தை கருவியை எடுக்கும்போது, பெற்றோர் மகிழ்கின்றனர் எனக் கருதிச் சீராளன் சிரிப்பதாகச் சேக்கிழார் பாடுகின்றார். அடியாரின் பெருமைக்குக் களங்கம் வாராதிருக்கப் பிள்ளையின் சிரிப்புத் தேவைப்பட்டது போலும்! அது இசைவன்று, பெற்றோரின் முகத்தைப் பார்த்துத் தன் முகத்தை அமைத்துக்கொள்ளும் குழந்தையியல்பு. மேற்சொன்ன அட்டையிலுள்ள குழந்தைகளின் சிரிப்பும் அத்தகையதே.

பிள்ளை வளர்ந்தபின் தரும் இசைவு முன்னைய குறையை ஈடுசெய்யும் என்பாருமுளர். இதற்கு நேற் செயின்ற்றின் மகன் ஸ்டீவ் செயின்ற்றைக் காட்டிலும் வலிய சான்று கிடையாது. ஐந்து வயது நிறையுமுன் தந்தையை இழந்த அவர், 1965 இல் அதே குராரே ஆற்றில், தந்தையைக் கொன்றோருட் சிலராலேயே தமக்கையுடன் திருமுழுக்குப் பெற்றார். 1995 இல் மனைவி மக்களுடன் வௌரானியரிடையே வாழச் சென்றார். கொலையிற் பங்கேற்ற மின்காயே என்பவர் அவருடைய பிள்ளைகளுக்குப் பாட்டனாராகவே ஆனார். இதனை அறிந்து நெகிழாதார் அரியர். ஆனால் பிரித்தானிய மெய்யியலாளர் பேர்னாட் வில்லியம்ஸ், குடும்பத்தைக் கைவிட்டுத் தஹீற்றிக்குச் சென்ற ஓவியன் கோகனை உதாரணமாக்கி 1976 இல் எழுப்பிய வினாவை இங்கு மறத்தலாகாது. ஒரு செயலின் நியாயம் அதன் பின்விளைவைச் சார்ந்திருக்குமாயின், செயலைத் தொடங்கும் வேளையில் அந்த நியாயம் எவர் கையிலும் இல்லை. அதிட்டத்தின் கையிலேயே இருக்கின்றது. மன்னித்துத் திரும்பிச் சென்ற மகனின் கதை நூலாகின்றது. கசந்து விலகிச் சென்ற மகன் ஈசாக்கைப் போல மௌனமாயிருக்கின்றான். கிடைக்கும் சாட்சியங்களை மாத்திரம் கொண்டு தீர்ப்பு வழங்குவோர் இம்மௌனத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

வௌரானியரின் இசைவும் ஆராயத்தக்கது. வானிலிருந்து இறங்கிய வாளியைப் பெற்றுக்கொண்டமை வரவேற்பாகுமா? கொலைக்குக் காரணமாயிருந்தது மிஷனரிமார் அறியாத உட்பூசலும், வெளியார் தம்மைத் தாக்கினர் என அவர்களுள் ஒருவன் கூறிய பொய்யுமே எனப் பல்லாண்டுகளின் பின்னரே ஸ்டீவ் அறிந்து எழுதினார். இதற்கு மாறாக, கொல்லப்பட்டோருள் ஒருவரின் மனைவியாகிய எலிசபெத் எலியற்றும் நேற்றின் சகோதரி ரேச்சலும் 1958 இல் அங்கு சென்றபோது, தயூமா முதலிய வௌரானிப் பெண்களே அவர்களை அழைத்துச் சென்றனர். எலியற் தமது மூன்று வயது மகளையும் உடன்கொண்டு சென்றார். தந்தையைக் கொன்றவர்களின் குடிசைகளுக்கு அக்குழந்தை சென்றதை எண்ணும்போது என் மனம் இரண்டுபடுகின்றது. கொலைகள் அருகின, இது பெரும் பேறு. ஆனால் மிஷன் குடியேற்றத்தில் ஒருங்கு சேர்க்கப்பட்ட மக்களிடையே 1969 இல் இளம்பிள்ளைவாதம் பரவிப் பலர் மாண்டனர். எண்ணெய்க் கம்பனிகளுக்கும் வழி இலகுவாயிற்று. நலம், கேடு இரண்டையும் ஒரே விமானம் சுமந்தது.

இத்தகைய குடும்பங்களைப் பற்றி நாம் நடுநிலையாளராகப் பேசவியலாது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமாரும் இளங்குடும்பத்தினரே. வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இலும் உடுவிற் பெண்கள் பாடசாலை 1824 இலும் அவர்களாற் தொடங்கப்பட்டன. உடுவிற் பாடசாலையை ஆரம்பித்த ஹரியற் வின்ஸ்லோ 1833 இல் அங்கேயே இறந்தார். பிள்ளைகளைக் கல்விக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிய பெற்றோர் பலர், அவர்களை ஆண்டுக்கணக்கிற் காணாதிருந்தனர். நாம் பெற்ற ஆங்கிலக் கல்விக்கு அப்பிள்ளைகள் விலை கொடுத்தனர். நமக்கு நன்மை கிடைத்தது என்பதால் அவ்விலையைக் கேட்டது முறையாகிவிடாது. முறையன்று எனக் கூறிவிட்டு நன்மையை மாத்திரம் வைத்துக்கொள்வதும் நமக்கு அழகன்று.

அவ்வாறாயின் அக்குடும்பங்கள் செல்லாதிருக்கவேண்டுமா? அவ்வளவு எளிதாக நான் சொல்லத் துணியேன். இடரில்லாத வாழ்வே பிள்ளைக்குரிய ஒரே நலம் என்பதும் பொய். நம்பிக்கையோடு வாழும் பெற்றோரைப் பெறுதலும் ஒரு செல்வமே. நான் வேண்டுவது வேறு. மலைப்பகுதியின் சிறிய ஓடுபாதைகள் சிலவற்றில், இறங்கும் விமானி ஓரிடத்தைக் குறித்துவைத்திருப்பான். அதற்கு முன்னர் ஐயம் தோன்றின் திரும்பிவிடலாம். அதனைக் கடந்தபின் எதிரே மலை, இறங்கியே ஆகவேண்டும். நல்ல விமானி அவ்விடத்துக்கு முன் திரும்புவதைத் தோல்வியாகக் கருதுவதில்லை. ஆனால் ஆலயங்களிற் பணந் திரட்டி, அட்டைகள் வழங்கி, தெய்வ அழைப்பென அறிவித்துவிட்ட குடும்பத்துக்கு அத்தகைய இடம் விட்டுவைக்கப்படுகின்றதா? பத்து வயதுப் பிள்ளை ‘எனக்கு வர விருப்பமில்லை’ என்றால், அதனைக் குழந்தைப் பேச்சென்றோ விசுவாசக் குறைவென்றோ கொள்ளாது, நிறுத்திக் கேட்கும் ஏற்பாடு ஆயத்தத்தில் உண்டா? எரிபொருளுக்கு இரண்டாவது வழி அமைத்தவரின் தோழர்கள் இதற்கும் ஒரு வழி அமைக்க வல்லவர்களே.

2001 ஏப்பிரலிற் பெரு நாட்டின் அமேசன் பகுதிமேற் பறந்த மிஷனரி விமானம் ஒன்றை, போதைப்பொருள் கடத்துவதெனத் தவறாகக் கருதி அந்நாட்டு விமானப்படை சுட்டது. ஒரு தாயும் அவரது ஏழு மாதப் பெண்குழந்தையும் இறந்தனர். ஆற்றில் இறங்கிய விமானத்திலிருந்து தந்தையும் சிறுவனான மகனும் பிழைத்தனர்.