அணையும் அறமும்

ஆற்றை அணையிட்டுத் தேக்குவது அறமாகுமா? இவ்வினா சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். சிராங்கூன் சாலையில் குழாயைத் திருகித் தாகந் தீர்க்கும் நாம், அத்தண்ணீர் வந்த வழியை எண்ணுவதில்லை. இச்சிறு தீவில் 17 நீர்த்தேக்கங்கள் உள்ளன. காலாங் ஆற்றைத் தடுத்தும் ஒரு தேக்கம் எழுந்தது. கிராஞ்சி 1975-இலும், மரீனா அணை 2008-இலும் எழுந்தன. தேக்காவின் அருகே ஓடும் ரோச்சோர் கால்வாயும் இன்று மரீனாத் தேக்கத்தையே சேர்கின்றது. மக்களின் தாகந் தணிக்க எழுந்தவற்றைப் பழிப்பது பேதைமை. ஆயினும், நமக்கு நீர் கிடைத்தபோது அந்நீரில் வாழ்ந்த மீனுக்கு இரை என்னவாயிற்று என்று கேட்பது பகுத்தறிவுடையோர் கடன்.

காட்டோடையைக் காண்க. மரநிழலில் வெயில் புகாது. ஆகவே பாசி மிகுவதில்லை. ஆனால் மேலிருந்து எறும்பும் பூச்சியும் சருகும் கனியும் விழுகின்றன. ஓட்டம் அவற்றைக் கொண்டு வருகின்றது. உடலில் கரிய முக்கோணக் குறியுடைய ராஸ்போரா போன்ற சிறு மீன்களுக்குக் காடும் ஓடையும் சேர்ந்தே பந்தி விரிக்கின்றன.

அணை எழுந்ததும் ஓட்டம் நிற்கின்றது. முதற் சில ஆண்டுகள், மூழ்கிய நிலத்துப் புழுபூச்சிகளால் இரை பெருகும். அது கண்டு மகிழ்வோர் ஏமாறுவர். பின்பு அவ்விருந்து முடிகின்றது. வெயில் படும் அகன்ற நீரில் மிதக்கும் நுண்பாசியே முதலுணவாகின்றது. பூச்சியைக் கவ்வப் பழகிய வாய்க்கு அதனை வடித்துண்ண இயலாது. ஓடை மீன்கள் கரையோரத்திற்கும் எஞ்சிய சிற்றோடைகளுக்கும் ஒதுங்குகின்றன. கழிமுகத்தை அடைத்த இடத்திலோ, கடலேற்றத்தோடு வந்து மேய்ந்த மீன்களுக்கு வாயிலே மூடுண்டது.

“தேக்கங்களில் மீன் நிறைய உண்டே!” என்பர் சிலர். உண்மை. பாசியும் மட்கும் உண்டு பெருகும் ஆப்பிரிக்கத் திலாப்பியா இங்கும் நிறைந்துள்ளது. 1952-இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட அதுவே, அந்நாட்டுக் குளங்களில் ஏழைகளின் உணவாயிற்று. அந்நன்மையை மறுப்பது நேர்மையன்று. ஆனால் எண்ணிக்கை வேறு, நீதி வேறு. பெரட்டில் ஆளெண்ணும் தோட்டக் கிராணி இதனை அறிவான். நேற்று நூறு பேர், இன்றும் நூறு பேர் என்றால் ஏட்டில் குறையில்லை. போனவர் யார், ஏன் போயினர் என்பதை அவ்வெண் சொல்லாது. வாழ்வு பறிபோனவரின் இடத்தில் வேறொருவரை நிறுத்திக் கணக்கை நேர்செய்வது அறமாகாது.

இனி, புண்ணியம் என்று கருதி வாங்கிய மீனைத் தேக்கத்தில் விடுவோரும் உளர். அம்மீன் இரையறியாது மடியலாம். அல்லது பிறவற்றை இரையாக்கலாம். அறிவில்லா அருளும் கொடுமையாய் முடியும்.

அணைகளை இடிக்குமாறு நாம் கூறவில்லை. நீ சூன் சதுப்புக்காடு போன்று எஞ்சியவற்றைக் காப்போம். ஓடைக்கரை மரங்களை வெட்டாதிருப்போம். அவை நிழல் மட்டுமல்ல, சோறுமாம். பிறர் உணவை மாற்றும் வலிமை உடையவன், அவர் என்ன உண்டு வாழ்ந்தார் என்பதை முன்னரே கேட்டறிதல் வேண்டும். மீனுக்கு உரிய இந்நீதி மனிதனுக்கும் உரியதன்றோ? சிந்திப்பீர்.