பிள்ளைக்கு வேண்டாத படகு

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் ஐல் ராயல் என்றொரு தீவு. மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்தது என்றாலும் மிச்சிகன் கரையைவிட மின்னசோட்டாக் கரைதான் அதற்குப் பக்கம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே மீன்பிடிக்க வந்த நார்வேக்காரர்களில் சிவர்ட்சன் குடும்பமும் ஒன்று. தாத்தா மீன் பிடித்தார், அப்பாவும் பிடித்தார். 1930-இல் பிறந்த பேரன் ஹோவர்ட், சிறுவயதில் அந்தத் தீவின் மீன்பிடி முகாமில் வளர்ந்தவர், ஓவியரானார். வாழ்நாளில் அதிகம் வரைந்தது தன் வீட்டார் பார்த்த தொழிலைத்தான்.

பெற்றவர்கள் எதை விட்டுப்போக ஆசைப்படுகிறார்கள், பிள்ளைகள் கைக்கு எது வந்து சேர்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குடும்பம் நினைவுக்கு வரும்.

நார்வேயில் உழக்கூடிய நிலம் நூற்றுக்கு மூன்று பங்குதான். அதிலும் பண்ணை பிரியாமல் மூத்த மகனுக்கே போகும். இளையவர்கள் கப்பலேறினார்கள். 1825-இலிருந்து நூறாண்டுகளில் சுமார் 8 லட்சம் பேர் அப்படிப் போனார்கள். பெரும்பாலோர் கோதுமை நிலம் தேடிப் போக, கடலோரத்தில் வளர்ந்த சிலர் இந்த ஏரிக்கரையில் இறங்கினார்கள். ஏரியின் வடகரையில் டோஃப்டே என்ற ஊர் 1893-இல் அப்படி உருவானதுதான்.

நவம்பர் மாதம்தான் ஹெரிங் மீன் முட்டையிடக் கரைப்பக்கம் வரும். ஏரி கொந்தளிப்பதும் அதே மாதம்தான். சின்னத் துடுப்புப் படகில் ஒருவராகவோ இருவராகவோ போய்ச் செவுள் வலையை முழம் முழமாகக் கையால் இழுக்க வேண்டும். கண்ணியில் செவுள் மாட்டிய மீனை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். கம்பளிக் கையுறை நனைந்து கனக்கும், விரல் மரத்துப்போகும். கரைக்கு வந்தாலும் ஓய்வில்லை. மீனை அறுத்து, உப்பிட்டு, பீப்பாயில் அடைத்து, நீராவிக் கப்பலில் ஏற்றினால்தான் காசு. உப்புக்கும் வலைநூலுக்கும் வாங்கிய கடன் அதில் கழியும்.

இந்தப் படகில் உட்கார்ந்திருப்பவர் மகனைப் பற்றி என்ன நினைப்பார்? இவனுக்காவது இந்தப் பாடு வேண்டாம் என்றுதான். எல்லாப் பெற்றோரும் நினைப்பது இது. ஆனால் என் பிள்ளை என்னைப்போல இருக்க வேண்டாம் என்பதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. படிக்க அனுப்பினால் பிள்ளை திரும்ப மாட்டான். வீட்டில் பேசும் பாஷையும் மெல்ல விலகும். அமெரிக்காவிலிருந்த நார்வே லூத்தரன் திருச்சபையே 1946-இல் தன் பெயரிலிருந்து நார்வேயை எடுத்துவிட்டது. யாரும் விரட்டவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பிரசங்கம்தான் புரிந்தது.

திரும்பி வர நினைத்த பிள்ளைகளுக்கும் வழி குறுகிக்கொண்டே வந்தது. நயாகரா அருவியைச் சுற்றிக் கப்பல் போக வெட்டிய கால்வாய் வழியாக மேல் ஏரிகளுக்குப் பரவிய லாம்ப்ரி என்ற ஒட்டுண்ணி, 1950-களில் சுப்பீரியரின் டிரவுட் மீனை ஏறக்குறைய துடைத்துவிட்டது. ஐல் ராயல் தீவோ 1940-இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே வீடு வைத்திருந்த சிலருக்கு அரசு ஆயுள் குத்தகை கொடுத்தது. குத்தகையில் பெயருள்ளவர்கள் கண்மூடினால் குத்தகையும் முடிந்தது, அதற்குப் பின் வந்த தலைமுறைக்கு உரிமையில்லை. மண்ணோடு ஒரு குடும்பத்துக்குள்ள உறவு எந்தத் தலைமுறையில் அறுபடும் என்பதை ஒரு காகிதம் தீர்மானிப்பதை என்னால் எளிதாக ஏற்க முடியவில்லை. இயற்கையைக் காக்கத்தான் செய்தார்கள், சரி. அங்கே வலை உலர்த்தியவர்களும் அந்த இயற்கையில் சேர்த்திதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1992-இல் ஹோவர்ட் அந்த மீனவக் குடும்பங்களைப் பற்றி எழுத்தும் ஓவியமுமாக ஒரு புத்தகம் கொண்டுவந்தார். தாத்தாவின் படகு அவருக்குத் தொழிலாகவில்லை. ஆனாலும் அதை இவ்வளவு கூர்ந்து பார்த்துவைத்திருந்தார். சொத்து கைமாறியது என்றுதான் இதை நான் சொல்வேன். தாத்தா கேட்டிருந்தால் ஒப்புக்கொள்வாரா, தெரியவில்லை.

இந்தக் குடும்பங்களுக்கு முன்பே அந்த ஏரியில் மீன் பிடித்தவர்கள் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள். 1854-இல் லா பாயிண்ட் ஒப்பந்தத்தில் வடகரையை அமெரிக்க அரசுக்கு எழுதிக்கொடுத்தபோது, அந்த நிலத்தில் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் தங்களுக்குள்ள உரிமையை அவர்கள் விடவில்லை. வடகரையிலுள்ள கிராண்ட் போர்ட்டேஜில் அவர்களுடைய சந்ததியார் அந்த உரிமையோடு இன்றும் ஏரியில் வலை போடுகிறார்கள். நிலத்தை இழந்தவர்கள் பேரப்பிள்ளைகளுக்கென்று கேட்டு வாங்கிவைத்தது மீன்பிடிக்கும் உரிமையை. அதே கரையில் நிலம் பெற்றவர்கள் தங்கள் பேரப்பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று நினைத்ததும் அந்த மீன்பிடித்தலைத்தான்.